அம்புக்குறி தானாக நடந்த மதியம்

ஆந்திராப் பக்கத்துப் புத்தூர் வெயில். அரைத் தூக்கத்தில் இருந்தேன். திருப்பதியில் வாங்கி இரண்டே நாளான லேப்டாப்பில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. என் கை மடியில் இருந்தது.

கிணற்றில் மிதக்கும் இலை மாதிரி மெதுவாகப் போய் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்தது. என் பேங்க் விவரமெல்லாம் அதில்தான். பயம் வரவேண்டிய நேரத்தில் கொட்டாவி வந்தது.

நோட்பேடைத் திறந்து “யாரு?” என்று தட்டினேன்.

எழுத்து எழுத்தாகப் பதில் வந்தது: “நைனா.”

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் பதினோரு வருஷமாகக் குவைத்தில் டிரைவர். ஒரு நொடி, அவரே வந்து திரைக்குள் உட்கார்ந்திருப்பதாக நம்பிவிட்டேன்.

அடுத்த வரி: “ஷாப் நுஞ்சி நைனா. அப்டேட் சேஸ்துன்னா.”

லேப்டாப் விற்ற கடைக்காரர்! கடையிலிருந்தே அப்டேட் செய்கிறாராம். தெலுங்கில் அவருக்கு என் வயசுப் பையன்கள் எல்லாருமே நைனாதான். என்னிடம் சொல்லாமலே, தூரத்திலிருந்து இயக்குகிற ரிமோட் ஆக்சஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா கொதித்தாள். “கேக்காம உள்ள பூந்துக்கினு நைனாவாம் நைனா! மொதல்ல அத்த எடுத்துப் போடு.”

அதற்குள் குவைத்திலிருந்து நைனாவின் போன். “மோட்டார் நிறுத்தினியா? கேஸ் மூடினியா?”

“ஆச்சு, ஆச்சு” என்று அம்மா எழுந்து ஓடினாள்.

லேப்டாப்பில் இருந்த ரிமோட்டை நீக்கிவிட்டேன். குவைத்திலிருந்து ஓடுகிற இந்த ரிமோட்டை நீக்க மட்டும் மனசில்லை.

உங்கள் வீட்டை எந்த ஊரிலிருந்து இயக்குகிறார்கள்?