ரூட்டர் சொன்ன எட்டு நாற்பது

'எந்த ரூட்டரையும் சேவையில் இணைக்கும் முன் அதன் கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு அமைக்க வேண்டும்.' எங்கள் நடைமுறைக் கையேட்டில் இது தெளிவாகவே இருந்தது. புதுச்சேரி அலுவலகத்து ரூட்டரை இணைத்த அன்று திறப்பு விழாவுக்கு நேரமாகிவிட்டது. கையேட்டைப் புரட்ட யாருக்கும் நேரமில்லை. அதனால் ரூட்டர் உலக நேரத்திலேயே, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கி, ஓடிக்கொண்டிருந்தது.

சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும்: clock timezone IST 5 30. ஆனால் சேவைக்கு வந்துவிட்ட ரூட்டரில் எதை மாற்றினாலும் தலைமையகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இதுவும் விதிதான். அனுமதி கேட்டு எழுதினேன். நினைவூட்டினேன். பதில் இல்லை.

ஒரு நாள் காலை காரைக்கால் லைன் பழுதானது. அங்கிருந்த பொறியாளரால் எங்கள் ரூட்டருக்குள் நுழைய முடியவில்லை; அவருடைய யூசர்நேமையே முந்தைய நாள் யாரோ அழித்திருந்தார்கள். அரை நாள் சேவை நின்றது. ரூட்டர் தானாகவே எழுதிவைக்கும் பதிவான லாக்கில் அழித்தவர் பெயர் 'அட்மின்' என்றிருந்தது. ரூட்டருக்குள் நுழைய எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அது ஒன்றுதான் பெயர். நேரம் எட்டு நாற்பது.

மேலாளர் என்னை அழைத்தார்.

"எட்டு நாப்பதுக்கு யாரு டியூட்டி? அந்தப் பொண்ணு கலாதானே?"

கலா ஒப்பந்தப் பணியாளர். காலை ஷிப்ட், ஒரு மணிக்கு முடியும். அவளை வேலையிலிருந்து நீக்கும் அறிக்கை தயாராக மேசையில் கிடந்தது. தொழில்நுட்பச் சான்றுக்கு என் கையெழுத்து மட்டும் பாக்கி.

"லாக்ல இருக்கறது நம்ம நேரம் இல்ல சார். மத்தியானம் ரெண்டு பத்துன்னு படிக்கணும்."

"மெஷின் பொய் சொல்லுமா?"

"சொல்லாது சார். நாமதான் தப்பாப் படிக்கறோம்."

வாசலில் நின்ற கலா பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "ரெண்டு பத்துக்கு நான் குருசுக்குப்பத்துல மீன் கொழம்பு சாப்ட்டுக்கினு இருந்தேன் சார். தெருவே பாத்துது."

நான் ரூட்டரிடம் மணி கேட்கும் show clock கட்டளையை அடித்துக் காட்டினேன். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று. ரூட்டரில் ஐந்தரை. மேலாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கடிகாரத்த இப்பவே சரி பண்ணிடுங்க."

அவர் புத்திசாலி. நேரத்தை இப்போது மாற்றினால் ரூட்டர் கடிகாரம் சரியாகிவிடும். பழைய லாக் வரி மட்டும் எட்டு நாற்பதாகவே நிற்கும். அதற்குப் பிறகு கலாவை யாராலும் காப்பாற்ற முடியாது. எத்தனையோ முறை கெஞ்சிக் கேட்ட அந்த ஒரு வரியை, அன்று அடிக்க மறுத்தேன்.

"தலைமையகத்து அனுமதி வரல சார்."

"நான் சொல்றேன்ல?"

"எழுத்துல குடுங்க."

"ரிட்டயர் ஆகற நேரத்துல ஏன் சார் இந்த வம்பு?"

"ரிட்டயர் ஆகறதாலதான் சார்."

எழுத்தில் தரவில்லை. நானும் கையெழுத்துப் போடவில்லை. விசாரணைக்கு வந்த இரண்டு அதிகாரிகளிடமும், "நீங்களே அடிச்சுப் பாருங்க" என்று கீபோர்டை நகர்த்தி வைத்தேன். ஒருவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"அப்ப, மத்தியானம் ரெண்டு பத்துக்கு இந்த ரூம்ல யாரு இருந்தா?"

மேலாளர் ஏசியை அண்ணாந்து பார்த்தார். மதியத்தில் அந்த அறைச் சாவி அவரிடம்தான் இருக்கும். விசாரணை 'தொழில்நுட்பக் கோளாறு' என்று வியக்கத்தக்க வேகத்தில் முடிந்தது. கலா இன்றும் அதே காலை ஷிப்டில் இருக்கிறாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். லாக்கைப் படிக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். பார்க்காதவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், அவர் யாராக இருந்தாலும்.

நான் அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெற்றேன். அன்றும் ரூட்டர் ஐந்தரை மணி நேரம் பின்னால்தான் இருந்தது. மறுநாள் புதுச்சேரி விடுதலை நாள், அலுவலகம் விடுமுறை. கடிகாரத்தைச் சரிசெய்ய எனக்கு அனுமதி அளித்துத் தலைமையகத்திலிருந்து பதில் வந்த தேதி நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள்.