ஏறாத டயர்

வெர்னாவுக்கு மணல் என்றாலே அலுப்பு. ப்ராலி ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வாரம் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல். வெள்ளி சாயங்காலம் ஆனால் டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு மணல்மேட்டுக்கு ஓட்டம். கல்யாணமான முதல் குளிர்காலத்திலிருந்து இதே பாடு. பீன்ஸில் மணல், படுக்கையில் மணல், காதுக்குள்ளும் மணல். புருஷன் வெண்டெலுக்கு அது சொர்க்கம். அவளுக்கு அது பெருக்கித் தீராத இன்னொரு வீடு. ஆனாலும் வரமாட்டேன் என்று ஒரு வாரம்கூடச் சொன்னதில்லை. வீட்டில் உட்கார்ந்து போன் மணி எப்போது அடிக்குமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பதற்கு, மணலையே தின்றுவிட்டுப் போகலாம்.

போன வருஷம் அந்தப் பயம் கண்ணெதிரே நடந்தது. வெண்டெலின் குவாட், அந்த நாலு சக்கர மணல் வண்டி, பெரிய மேட்டின் பாதியில் மூச்சடைத்து நின்று, முன்சக்கரத்தைத் தூக்கி, அவன்மேலேயே புரண்டது. இடுப்பெலும்பு முறிந்தது. தகடும் திருகாணியும் வைத்துத் தைத்தார்கள். கோடை வரைக்கும் அவள்தான் அவனைக் குளிப்பாட்டி, காலுறை மாட்டி வைத்துவிட்டுப் பேருந்தை எடுக்க ஓடினாள். இன்னொரு முறை விழுந்தால் நடப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னபோது வெண்டெல் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினான். பட்டும் புத்தி வராத ஜென்மம். தேங்க்ஸ்கிவிங் விடுமுறை நெருங்கியதும், புது டயர் வாங்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டான்.

அந்தப் பண்டிகையன்று, வான்கோழி பந்திக்கு வரும் முன்னால், டிரெய்லர்களோடு அங்கே கூடும் முகாமே பெரிய மேட்டில் ஏறும். முதல் வண்டி எப்போதும் வெண்டெலுடையது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் அவன் ஏறவில்லை என்றால் அடுத்த வருஷம்வரை அதையே பேசித் தீர்ப்பார்கள்.

சாதா டயர் அந்த மணலில் புதைந்துவிடும். பின்சக்கரத்துக்குத் துடுப்பு டயர் வேண்டும். குறுக்கே ரப்பர் வரப்புகள் நிற்கும், படகுத் துடுப்பு தண்ணீரைத் தள்ளுவதுபோல் அவை மணலைத் தள்ளும். பழைய ஜோடி அந்த விபத்தில் கிழிந்துபோயிருந்தது. அவனால் நெடுந்தூரம் கார் ஓட்ட முடியாது என்பதால் வெர்னாவை அனுப்பினான்.

"பத்துத் துடுப்பு இருக்கணும். ஒவ்வொண்ணும் கட்டைவிரல் உசரம். குட்டையா ஏதாவது தலையில கட்டப் பாப்பான், வாங்கிட்டு வந்துடாத."

கடைக்காரர் மூன்று கேள்வி கேட்டார். என்ஜின் எவ்வளவு பெரியது, ஓட்டுகிறவர் எவ்வளவு கனம், எந்த மணலில் ஓட்டப் போகிறார். பெரிய என்ஜின், மூட்டை மாதிரி மனுஷன், பெரிய மேடு. உண்மை அதுதான். வெர்னா கவுன்டரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். கோடை வரைக்கும் அவனைத் தூக்கித் தூக்கி அவளுடைய தோள் இன்னும் வலித்தது.

"சின்ன என்ஜின்தான். ஓட்டப் போறது நான். சும்மா சமதரையில சுத்துறதுக்கு."

அப்படியானால் குட்டைத் துடுப்பே போதும், உயரமானதைப் போட்டால் சின்ன என்ஜின் திணறும் என்று சொல்லி அவர் ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். எண்ணிக்கை பத்துதான், உயரம்தான் பாதி. அது போதும் அவளுக்கு. கண்ணாடி போட மறுக்கிறவன் எண்ணிப் பார்ப்பான், அளந்தா பார்க்கப் போகிறான்? வண்டி ஏறாது, இவனும் டயரைத் திட்டிக்கொண்டு இறங்கிவிடுவான் என்று கணக்குப் போட்டாள். வெண்டெல் டயரின்மேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டினான். நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டினான்.

பண்டிகையன்று மேட்டடியில் அவன் வண்டியைக் கிளப்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. போன வருஷம் அவன் விழுந்தது எங்கே? உச்சியிலா? ஏற முடியாமல் பாதியில் நின்றபோதுதானே! ஏறாத டயரை மாட்டி அதே பாதிக்கு அனுப்பியிருக்கிறாள். இத்தனை வருஷம் இந்த மணலைத் தின்றவளுக்கு இது தோன்றவில்லையே, பாவி. கத்தினாள். என்ஜின் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

வண்டி அலறியது. மணலைப் பின்னால் வாரி இறைத்தது, ஆனால் வேகம் இறங்கிக்கொண்டே வந்தது. பாதிக்கும் கீழேயே, வண்டி நிற்பதற்கு முன்னால், வெண்டெல் ஹேண்டிலை மெல்ல ஒடித்து, சரிவோடு ஒரு வளைவு வளைந்து இறங்கி வந்தான். வெர்னா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், அது வெளியில் தெரியாதபடி மூக்கைச் சிந்தினாள்.

முகாமில் கேலிக்குப் பஞ்சமில்லை. பெருசுக்கு மூச்சு வாங்குது என்று ஒருவன் சொன்னான். டயர் சொதப்பிவிட்டது, வெர்னா கடையில் ஏமாந்துவிட்டாள் என்று வெண்டெல் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். கீழே விழாமலே மீசையில் மண் ஒட்டவில்லை! அவளும் பழியை ஏற்றுக்கொண்டாள். கூட்டம் கலைந்ததும் இருவரும் டிரெய்லர் நிழலில் உட்கார்ந்தார்கள்.

"டயர் குட்டைன்னு எப்பத் தெரிஞ்சது?" என்றாள்.

"கையை வச்சதுமே."

"தெரிஞ்சுமா போன?"

"போகலைன்னா என்னைப் பேசுவாங்க. ஏறலைன்னா டயரைத்தான பேசுவாங்க." குனிந்து பூட்ஸைக் கழற்றப் பார்த்தான், இடுப்பு வளையவில்லை. "அலுத்துப் போச்சு வெர்னா. ரெண்டு மூணு வருஷமாவே."

அவள் மண்டியிட்டுப் பூட்ஸைக் கழற்றினாள். ஒரு படி மணல் கொட்டியது. இவ்வளவு வருஷமும் இதைச் சொல்ல இவனுக்கு வாய் வரவில்லையே என்று ஆத்திரமாக இருந்தது. தானும்தான் சொல்லவில்லை என்பதும் ஞாபகத்துக்கு வந்தது.

அப்போதுதான் பக்கத்து டிரெய்லர் ராய்ஸ் இரண்டு சக்கரங்களை உருட்டிக்கொண்டு வந்தான். வெண்டெலைவிட இரண்டு வயது இளையவன், முழங்காலில் பட்டை கட்டியிருப்பவன். சக்கரங்களில் உயரத் துடுப்பு, புத்தம் புதுசு.

"இதை மாட்டிட்டு ஏறு பெருசு. பசங்க எல்லாம் இன்னும் மேட்டடியிலதான் நிக்கிறாங்க."

"பொருந்தாது" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

ராய்ஸ் குவாட்டின் சக்கரத்தைப் பார்த்தான். நட்டு மாட்ட நாலு துளை. தன் சக்கரத்தைப் பார்த்தான். அதே நாலு துளை. முந்தின வருஷம் இதே வண்டிக்குத் தன் சக்கரத்தைக் கழற்றி மாட்டிவிட்டவனே அவன்தான். வெண்டெலையும், கையில் பூட்ஸோடு இருந்த வெர்னாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆமா, பொருந்தாதுதான். மறந்துட்டேன்."

சக்கரங்களைத் திருப்பி உருட்டினான். பத்தடி போயிருப்பான். அவற்றை அங்கேயே மணலில் சாய்த்துவிட்டு நொண்டிக்கொண்டே திரும்பி வந்து, வெர்னாவின் பக்கத்தில் குனிந்து, மெதுவாகக் கேட்டான்.

"அந்த டயர் எந்தக் கடையில வாங்கின?"