அம்மா திருகிய குமிழ்கள்

அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே வயிற்றில் விழும். அம்மா இடது ஓரத்துக் கடைசிக் கட்டையை ஒற்றை விரலால் அழுத்தினால் போதும், அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி நடுங்கும். எனக்குப் பல் கூசும். கொல்லையில் கட்டியிருக்கும் ஆடு தழையை மெல்லுவதை நிறுத்திவிட்டு வீட்டைத் திரும்பிப் பார்க்கும். நான் ஏழாவது படித்த வருடம், பாகூர்ப் பக்கமெல்லாம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த மாதங்களில், எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்த சின்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டியின் குரல் அது.

கொண்டுவந்தவர் சேகர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. கடலூரில் கச்சேரிகளுக்கு ஸ்பீக்கர் கட்டும் வேலை செய்தவர். சொந்த ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அந்தப் பெட்டி அவர் கைக்கு வந்த நேரத்தில் துபாய் வேலையும் வந்துவிட, பெட்டியையும் அதை நிறுத்தி வைக்கும் இரும்புத் தாங்கியையும் ஒரு பெரிய ஸ்பீக்கரையும் அக்கா வீட்டில் இறக்கிவிட்டு விமானம் ஏறிவிட்டார். போகும் முன் அம்மாவிடம் சொன்னார்: “உள்ள இருக்கறது கம்ப்யூட்டருதான்க்கா. ஆனா அந்தக் காலத்து மியூசிக் மிஷின் மாதிரியே நடிக்கும். எதை வேணா திருவிப் பாரு, கெட்டுப்போவாது.”

நாங்கள் அதைப் “பொட்டி” என்றுதான் சொன்னோம். கறுப்பும் வெள்ளையுமான கட்டைகளுக்கு மேலே, நீலத் தகடு முழுக்கக் கட்டைவிரல் பருமனில் குமிழ்கள். அம்மாவுக்கு ராகமும் தெரியாது, குமிழ்களின் கீழே எழுதியிருந்த ஆங்கிலமும் தெரியாது. ஒரு கையால் கட்டையை அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து அவளே பெயர் வைத்தாள். திறக்கத் திறக்கச் சத்தத்தைப் பளீரென்று பாயவிட்டு, மூடினால் மந்தமாக்கும் குமிழ் “மதகு”. சத்தத்தின் நுனியில் கொட்டவருவது போல ஒரு ரீங்காரத்தை ஏற்றுவது “கொளவி”. குரலை முன்னும் பின்னும் ஆட்டுவது “தூளி”. மத்தியானம் சோறு வடித்து, ஆட்டுக்குத் தழை போட்டு முடித்ததும் அவள் பொட்டி முன் உட்கார்ந்துவிடுவாள். பாட்டு என்று ஒன்றும் வராது. உறுமலிலிருந்து விசிலுக்கும், விசிலிலிருந்து மழைக்கும் அந்தச் சத்தம் அவள் விரலோடு கூடவே போகும். எவ்வளவு திருகினாளோ அவ்வளவு மாறும், உடனே மாறும். எதைத் தொட்டாலும் அடி விழுந்த அந்த வீட்டில், அம்மா கை வைத்ததற்கு அப்படிப் பதில் சொன்ன பொருள் வேறெதுவும் இல்லை.

ஆம், அடி. அப்பா கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. வெட்டு நடக்கும் மாதங்களில் வேலை முடிந்த கையோடு சாராயக்கடைக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு வருவார். குழம்பில் உப்பு, காயாத லுங்கி, நான் சிரித்தது, நான் சிரிக்காதது, எதுவும் காரணமாகும். பெல்ட்டால் அடிப்பார், பெல்ட் கைக்கு வராவிட்டால் எட்டி உதைப்பார். பக்கத்து வீட்டு வேலாயுதம் மாமா சுவரைத் தட்டி “போதும் வுடுப்பா” என்பார். அதற்கும் சேர்த்து அம்மாவுக்கு இரண்டு விழும். நான் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்துகொள்ளப் பழகியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாராயக்கடையில் யாரோ, “இன்னா மேஸ்திரி, வூட்ல மாவு மில்லு போட்டுட்டியா?” என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அப்பா கரும்பு லாரியில் கிடந்த சவுக்குக் கழியை உருவிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தார். பொட்டி முன் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்திருக்கக்கூட இல்லை. முதல் அடி பொட்டியின் மேல் விழுந்தது. குமிழ்கள் தெறித்து, ஒன்று என் நெற்றியில் பட்டது. கட்டை ஒன்று உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ள, அடிவயிற்றைப் பிசையும் அந்தக் கனத்த சத்தம் நிற்காமல் ஒலிக்கத் தொடங்கியது. இரண்டாவது அடி வரும்போது அம்மா இடது கையைக் குறுக்கே நீட்டினாள். விரல்கள் முறிந்த சத்தம் அத்தனை இரைச்சலிலும் எனக்குத் தனியாகக் கேட்டது.

நான் ஓடிப்போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். அவர் உதறிய வேகத்தில் சுவரில் மோதி உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு வலது கையால் இரும்புத் தாங்கியை இழுத்தாள். பொட்டி தரையில் சரிந்தது. தாங்கி அப்பாவின் முழங்கையில் இறங்கியது. கழி கீழே விழுந்தது. அவர் உட்கார்ந்தார். அம்மா நிறுத்தவில்லை. தோளில், முழங்காலில், மறுபடி தோளில். “வாணாண்டி, வாணாம்” என்று அப்பா கெஞ்சியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவளுடைய முகத்தைப் பார்த்து, அப்பாவிடம் பயந்ததைவிட அதிகமாகப் பயந்து, “செத்துடுவாரும்மா” என்று கத்தினேன். அவள் கை அந்தரத்தில் நின்றது. அத்தனை நேரமும் அந்த ஒற்றைச் சத்தம் ஒலித்துக்கொண்டேயிருந்தது. வேலாயுதம் மாமா உள்ளே வந்து பிளக்கைப் பிடுங்கியபோதுதான் மூன்று பேரும் மூச்சு வாங்குவது கேட்டது.

ஒரே ஆட்டோவில், நடுவில் என்னை உட்காரவைத்து, இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். “வழுக்கி வுழுந்துட்டேன் சார்” என்றார் அப்பா. அம்மா டாக்டரிடம், “நான்தான் அடிச்சேன். மொதல்ல அவரு அடிச்சாரு” என்றாள்.

மாவுக்கட்டு பிரிப்பதற்குள் பெரியப்பா ஆள் அம்போடு வந்து நியாயம் பேசினார். “பொம்பள கை நீட்டலாமா? மன்னிப்பு கேட்டுடும்மா, முடிஞ்சிடும்.” அம்மா கதவருகே நின்று சொன்னாள்: “கேக்கறேன். இத்தினி வருஷத்துக்கும் அவரு கேட்டு முடிக்கட்டும், அப்பறம் நான் கேக்கறேன்.” வீடு அவளுக்கு அவள் அப்பா எழுதிவைத்தது. அதனால் போகவேண்டியிருந்தது அப்பாதான். பண்டசோழநல்லூரில் பெரியப்பா வீட்டோடு போய்ச் சேர்ந்தார். குடித்த நாட்களில் வந்து ஓட்டின் மேல் கல்லெறிந்துவிட்டுப் போவார். இரண்டு அறுவடை கழிந்து அதுவும் நின்றது.

பொட்டி சாகவில்லை. குமிழ் போன இடங்களில் நீட்டிக்கொண்டிருந்த தண்டுகளில் அம்மா பேனா மூடியையும் பேஸ்ட் மூடியையும் செருகினாள். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமலே நின்றுவிட்டன. “மதகு” முழுக்கத் திறந்து, “கொளவி”யை உச்சத்துக்கு ஏற்றி, தகரத்தைக் கிழிப்பது போன்ற சத்தங்களை அவள் எழுப்பிய சாயங்காலங்களில் நான் காதைப் பொத்திக்கொண்டு, “பயமா கீதும்மா, வாணாம்” என்பேன். ஒருமுறை சட்டென்று மூடிவிட்டுச் சொன்னாள்: “பாத்தியா? நான் நிறுத்தினா நிக்குதுடி. அதான் எனக்குப் புடிச்சிருக்கு.”

இப்போது நான் வில்லியனூரில் நர்ஸாக இருக்கிறேன். ஞாயிறுகளில் என்னைப் போல இசையைத் தொழிலாகக் கொள்ளாத சிலரும் நானும் ஒரு மாடியறையில் கூடிச் சின்தசைசர் வாசிக்கிறோம். இதெல்லாம் போனிலேயே கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு, கண்ணாடியைத் தடவுவதும் குமிழைத் திருகுவதும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்வேன். அம்மாவின் பொட்டி ஒரு புயல் மழையில் மூழ்கிப்போனது. வீட்டை இடித்தாயிற்று. கரும்பு நின்ற இடங்களில் மனைக்கல் நிற்கிறது. வேலாயுதம் மாமா இல்லை.

போன வருடம் அப்பா படுக்கையில் விழுந்தபோது அம்மா பார்க்க வேண்டும் என்றாள், கூட்டிக்கொண்டு போனேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தவர் நெடுநேரம் அவளுடைய விரல்களையே பார்த்துவிட்டு, “அந்தப் பொட்டி இன்னும் கீதா?” என்றார்.

“மழத் தண்ணியில போயிடுச்சு” என்றாள் அம்மா.

“நல்லதாப் போச்சு.”

அம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். “பொண்ணு வேற வாங்கிக் குடுத்துச்சு” என்றாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பேருந்து ஏம்பலம் தாண்டும் வரை அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தாள். மடங்காத அந்த இரண்டு விரல்களை வலது கையால் தடவிக்கொண்டேயிருந்தாள்.