தலைவலி என்று எழுதினேன், மிஸ்ஸி

மிஸ்ஸி தவமணி காலமான செய்தி வந்தபோது நான் சிம்பாங் பூலாயில் பெட்ரோல் போட வரிசையில் நின்றிருந்தேன். அவருடைய மகள் வாட்ஸ்அப்பில் இரண்டே வரி அனுப்பியிருந்தார். பின்னாலிருந்த லாரிக்காரர் ஹார்ன் அடித்த பிறகுதான் காரை நகர்த்தினேன். பெட்ரோல் போடாமலேயே வீடு வந்து சேர்ந்தேன்.

அவருக்கு அஞ்சலி செலுத்தும், அவரோடு மருத்துவமனையில் வேலை பார்த்த உங்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரிந்திருக்கும். நான் சிறை வார்டர். மனநலப் பிரிவிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எங்கள் சிறைக்குத் தாதியாக வந்த மிஸ்ஸியைத்தான் எனக்குத் தெரியும். தைப்பிங்கில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணக் குடும்பம் அவருடையது. "சொல்லுங்கோ" என்று அவர் ஆரம்பித்தாலே எங்கள் சிறையிலிருந்த தோட்டத்துக் கைதிகளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தவன் பேசாமலா போய்விடுவான் என்பார். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர், ஆனாலும் நான் அவருக்குத் தம்பி.

ஒரு கைதியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். முனியாண்டி என்று வைத்துக்கொள்வோம். நான் பிறந்த ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். இரும்பு திருடி உள்ளே வந்தவன். ஒரு காலையில் என்னிடம் வந்தான். "அண்ணே, மண்டைக்குள்ள ஆளுங்க பேசுறாங்க. தூங்கவே வுட மாட்றாங்க லா."

நோயாளிப் படிவத்தை மலாயில் நிரப்புவது என் வேலை. அவன் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. அப்படியே எழுதினால் சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்க அவனைக் கீலா, பைத்தியம் என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் அவனை நிம்மதியாகச் சாப்பிடக்கூட விடமாட்டார்கள். நம்ம ஆள் வேறு. 'சாக்கிட் கெப்பாலா', தலைவலி என்று எழுதினேன். உதவி செய்ததாகவே நினைத்தேன்.

பனடோல் மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி வந்தான், மறுபடி அதையே எழுதினேன். தலைவலிக்காரர்களை மிஸ்ஸியின் பட்டியலில் சேர்ப்பதில்லை. இப்படிப் போன மூன்று மாதத்தில் ஆறு முறை அவருக்கு வாசல் திறந்துவிட்டிருக்கிறேன். ஒரு முறைகூட அவனைப் பற்றிச் சொல்லவில்லை.

சோற்றில் விஷம் இருப்பதாகக் குரல்கள் சொல்ல, அவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். சிகிச்சை அறைக்குத் தூக்கிப் போன அன்று மிஸ்ஸி வந்திருந்தார். "சொல்லுங்கோ" என்றார். அவன் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் பேசினான்.

மிஸ்ஸி பழைய படிவங்களோடு வெளியே வந்தார். எல்லாம் என் கையெழுத்து. காரணத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவனுக்கு அவமானம் வரக்கூடாது எண்டு எழுதினீங்கள், விளங்குது. ஆனா தலைவலியெண்டா என்னட்ட அனுப்ப மாட்டினம், தம்பி. இனி அவை சொன்னதை, சொன்ன மாதிரியே எழுதுங்கோ."

மருந்தில் முனியாண்டி தேறினான். விடுதலையான அன்று, மாதாமாதம் போகவேண்டிய கிளினிக்குக்கு மிஸ்ஸி கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆனால் அவனுக்குத் தோட்டமும் இல்லை, வீடும் இல்லை. பஸ் மாறிக் கூட்டிப்போக ஆளும் இல்லை. ஒரு வருடத்துக்குள் அதே இரும்புத் திருட்டுக்குத் திரும்பி வந்தான். என்னையும் தெரியவில்லை, மிஸ்ஸியையும் தெரியவில்லை. அன்று அவர் வெகுநேரம் காரை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் இறங்கி வந்து, அவனுக்கு முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றார்.

சிறைக்குள்ளேயே ஒரு மனநலத் தாதி வேண்டும், கைதியின் சொந்த வார்த்தையை எழுதப் படிவத்தில் இடம் வேண்டும், வெளியே போகிறவனோடு கிளினிக்வரை ஒருவர் போகவேண்டும். இதைத்தான் அவர் வருடக்கணக்கில் எழுதிக் கேட்டார். நன்றி தெரிவித்துப் பதில் வரும், அதோடு சரி. ஓய்வு பெற்ற பின்பும், படுக்கையில் விழும்வரை சம்பளமில்லாமல் சும்மாவே வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக இதுவரை யாரும் வரவில்லை. வருவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த ஒரு பழக்கம்தான். சொன்னதைச் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். மலாயில் எழுதி, கீழே தமிழிலும் எழுதுகிறேன். படிவங்கள் சிகிச்சை அறையில் மிஸ்ஸியின் மேசைத் தட்டில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

போன வாரம், உள்ளே இருக்கும் முனியாண்டி படிவம் எழுத என்னிடம் வந்தான். உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"சொல்லுங்கோன்னு கேப்பாங்களே, அந்த மிஸ்ஸி எப்ப வருவாங்க அண்ணே?"

நோய் என்ற இடத்தில் அதை அப்படியே எழுதித் தட்டில் வைத்தேன்.