பத்தே முக்கால் மணி பிரியாணி

நாற்பது பேருக்கு மதிய பிரியாணி தயார் என்று காலை பத்தே முக்காலுக்கு மைக்கில் அறிவித்தவன் நான். அதே நாற்பது பேருக்கு அன்று காலை எட்டரைக்குத்தான் இட்லியும் வடகறியும் நானே நின்று பரிமாறியிருந்தேன். கேட்டரிங், டூர் ஏற்பாடு என்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அனுபவம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்கிறேன். வேறு யாராவது சொல்லி அவர்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது கௌரவம்.

1. ஆர்டர்

ஓசூர் சிப்காட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் கேன்டீன் சூப்பர்வைசராக இருந்தேன். அதை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தபோது, அங்கே மெயின் குக்காக இருந்த கௌரம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். "மாசம் நாலு ஆர்டர் கியாரண்டி" என்று சொல்லித்தான் அவரை வேலையை விடவைத்தேன். முதல் மூன்று மாதத்தில் வந்தது ஒரு காதுகுத்து, ஒரு புதுமனை புகுவிழா. கௌரம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது வந்தது மாடல் ரயில்காரர்களின் கூட்டம். நிஜ ரயிலை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி, தண்டவாளம், சிக்னல், ஸ்டேஷன் எல்லாம் வைத்து ஓட்டுகிறவர்கள். செயலாளர் நஞ்சப்பன், கோயம்புத்தூர்க்காரர், மில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பைபாஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார். காலையில் மண்டபத்தில் ரயில் ஓட்டுவது, மதியச் சாப்பாடு, பிறகு பஸ்ஸில் ஒரு அவுட்டிங்.

"ஏனுங்க, இது சின்னக் கூட்டந்தானுங்க. அடுத்த வருசம் இதே ஓசூர்ல இருநூறு பேரு, மூணு நாளு. இது நல்லா நடந்துச்சுன்னா அதும் உங்களுக்கு. இல்லீன்னா பெங்களூர்ல ஒரு கம்பெனிக்காரங்க கேட்டுட்டே இருக்கறாங்க" என்றார்.

இருநூறு பேர், மூன்று நாள் என்றால் கௌரம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிடலாம். இல்லையென்றால் அவர் பழைய கேன்டீன் வாசலில் போய் மறுபடி வேலை கேட்டு நிற்க வேண்டும், என்னால்.

2. சுவர்க் கடிகாரம்

எங்கள் கம்பெனியில் கேன்டீன் ஆட்களுக்கு வாட்ச், மோதிரம், செல்போன் எதுவும் கூடாது. எல்லாம் லாக்கரில். இருபத்திரண்டு வருடம் சுவரில் மாட்டிய கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தே ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சாப்பாடு போட்டவன் நான். அந்தப் பழக்கத்தில் அன்றும் போனை பஸ் டிரைவர் மாதேஷிடம் கொடுத்துவிட்டு மண்டபத்துக்குள் போனேன்.

ஏசிக்காக ஜன்னல்களுக்கெல்லாம் திரை போட்டிருந்தது. நடுவில் ஐம்பதடி நீளத்துக்கு மேஜைகள், மேலே ரயில்கள். சுவரில் பெரிய கடிகாரம். மணி பதினொன்றரை. இட்லிப் பாத்திரம் ஒப்படைப்பதற்குள் இவ்வளவு நேரம் ஆகிவிட்டதா என்று ஆச்சரியப்பட்டேன். சமையல்கட்டுக்கு ஓடினால் கௌரம்மா நிதானமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் வெங்காயமா? பன்னெண்டரைக்கு தம் ஒடைக்கணும்மா."

"இன்னா சார், இப்ப மணி..."

"மணி எனக்குத் தெரியும். அடுப்பப் பத்த வைங்க மொதல்ல."

மறுபடி மண்டபத்துக்கு வந்தேன். பதினொன்று ஐம்பது. போய் வந்தது ஐந்தே நிமிடம் என்று என் கால்கள் சொல்லின. கால்களை நான் நம்பவில்லை. திரும்பவும் ஓடினேன்.

"தீய ஏத்துங்கம்மா. மானம் போயிரும்."

"ஆச்சு சார், நீங்க போங்க."

வந்து பார்த்தால் பன்னிரண்டரை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஷிஃப்டுக்குக்கூட நான் லேட் ஆனதில்லை. மைக்கைப் பிடித்தேன். "அனைவரும் சாப்பிட வரலாம், சூடான மட்டன் பிரியாணி தயார்" என்று, கேன்டீனில் சொல்கிற அதே தொண்டையில் சொன்னேன்.

நாற்பது தலைகள் திரும்பின. ஒருவர் திடுக்கிட்டுக் கையில் இருந்த கன்ட்ரோலரை முழுக்கத் திருகிவிட்டார். பதினோரு கூட்ஸ் வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வளைவில் கவிழ்ந்தன.

நஞ்சப்பன் என் தோளில் கை போட்டுக் கடிகாரத்துக்கு அருகே அழைத்துப் போனார்.

"ஏனுங்க, இது ரயிலோட கடிகாரமுங்க. நம்ம பதினஞ்சு நிமிசம் இதுக்கு ஒரு மணி நேரம். இங்க ஸ்டேசனுக்கும் ஸ்டேசனுக்கும் நடுவுல பத்தடிதான். நெச நேரத்துல டைம்டேபிள் போட்டா அடுத்த வண்டி வர்றதுக்குள்ள நாங்க தூங்கிப்போயிருவோம். அதனால வேகமா ஓடற மாதிரி பண்ணி வெச்சிருக்குதுங்க."

"அப்ப இப்ப மணி என்னாங்க சார்?"

அவர் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். பத்து ஐம்பத்திரண்டு.

மானம் போனது போகட்டும், பிரியாணி போயிருக்குமே என்று சமையல்கட்டுக்கு ஓடினேன். பெரிய தீயில் வைத்து அரைவேக்காட்டில் தம் உடைத்திருந்தால் நாற்பது பேர் சாப்பாடு குப்பைக்குத்தான். போய்ப் பார்த்தால் அடுப்பு பற்றவே இல்லை. கறி தயிரில் ஊறிக்கொண்டிருந்தது. கௌரம்மா புதினா ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஆச்சுன்னு சொன்னீங்களேம்மா?"

"நீங்க அந்தாண்ட போகணுமே சார். அதுக்குச் சொன்னேன்."

பன்னிரண்டே முக்காலுக்கு, நிஜமான பன்னிரண்டே முக்காலுக்கு, தம் உடைந்தது. எல்லோரும் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். வேகன் கவிழ்த்தவர் மட்டும் கடைசி வரை என்னைப் பார்க்கவில்லை.

3. கேட்

அவுட்டிங்குக்கு நான் போட்ட ப்ரோகிராம் இது: கிருஷ்ணகிரி டேமில் ஒன்றரை மணி நேரம், பூங்கா, பொரித்த மீன். கடைசியில் சாமல்பட்டி பக்கம் ரயில் பார்க்க அரை மணி. கம்பெனிக்கு வருகிற ஆடிட்டர்களுக்கெல்லாம் டேம்தான் பிடிக்கும். இவர்களுக்கும் பிடிக்கும் என்று நினைத்தேன்.

டேமில் பஸ் நின்றது. இறங்கியவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரும் பாத்ரூமுக்கு.

"எண்ணா, எறங்க மாட்டேங்கறாங்க" என்றான் மாதேஷ். "நாலு மணிக்கு மேல சேலம் லைன்ல வண்டி ஜாஸ்தியாம். அதத்தான் வழியெல்லாம் பேசிக்கினு வராங்க."

காலையில் ஒரு தப்பு, மதியம் இன்னொன்று என்று போனால் பெங்களூர்க்காரருக்கு நானே பூங்கொத்து அனுப்பிவிடலாம். ஆனால் இந்த இடத்தில் எனக்குப் பதற்றம் இல்லை. கூட்டம் எங்கே போகிறதோ அங்கே சாப்பாட்டைக் கொண்டுபோவது எனக்குத் தெரிந்த வேலை. ஸ்ட்ரைக் நடந்தபோது கம்பெனி கேட்டுக்கு வெளியே சாம்பார் சாதம் போட்டவன்.

ப்ரோகிராமிலிருந்து டேமை வெட்டிவிட்டேன். பத்து கிலோ ஜிலேபி மீனைக் கழுவி வாங்கி, பஸ்ஸில் கூடவே வந்திருந்த கௌரம்மாவிடம் அங்கேயே மசாலா தடவக் கொடுத்தேன். டிக்கியில் கேஸ் அடுப்பு இருந்தது. சாமல்பட்டிக்கு முன்னால் ஒரு ரயில்வே கேட், தண்டவாளத்தைவிட்டுத் தள்ளி ஒரு புளியமரம். நிலத்துக்காரரிடம் கேட்டு மரத்தடியில் கடை போட்டோம்.

முதல் தட்டு நீட்டும்போதே கேட்காரர் கேட்டைப் போட்டார். நாற்பது பேரும் மீனை விட்டுவிட்டு கேமராவோடு ஓடினார்கள். ஐம்பத்தெட்டு வேகன் என்று எண்ணிக்கொண்டு திரும்பி வந்தபோது மீன் ஆறிப்போயிருந்தது. நான் மறுபடி "சூடா இருக்கறப்பவே சாப்பிடுங்க சார்" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தேன்.

கௌரம்மா என்னை ஒதுக்கிவிட்டு நஞ்சப்பனைக் கூப்பிட்டார். "சார், அடுத்த வண்டிக்கு எவ்ளோ நேரம் கீது?"

அவர் போனில் பார்த்தார். "பன்னெண்டு நிமிசமுங்க."

"அப்ப அந்த வண்டி போனப்புறம் துன்னலாம். இப்போ வேணாம்." அடுப்பைத் தணித்தார்.

எக்ஸ்பிரஸ் கடந்தது. அதன் கடைசிப் பெட்டி மரத்தைத் தாண்டும்போது மீன் எண்ணெயில் விழுந்தது. அவர்கள் திரும்பி நடந்து வருவதற்குள் பொன்னிறமாகத் தட்டில் இருந்தது. அடுத்து எட்டு நிமிட இடைவெளி என்றால் சின்ன மீன், இருபது நிமிடம் என்றால் பெரிய மீன். இரண்டு மணி நேரத்தில் ஒரு துண்டுகூட ஆறவில்லை. நஞ்சப்பன் டைம்டேபிள் படிக்க, கௌரம்மா சட்டுவத்தைத் தூக்க, வேகன் கவிழ்த்தவரே மூன்றாவது முறை தட்டோடு வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். விருந்தாளிக்கு எது முக்கியமோ அதை நடுவில் வையுங்கள், சாப்பாட்டை அதற்கேற்ப நகர்த்துங்கள். சமைக்கிறவர் "இப்ப மணி" என்று ஆரம்பித்தால் முழுவதையும் கேளுங்கள். கையில் ஒரு வாட்ச் கட்டுங்கள்.

ஓசூர் திரும்பி பஸ்ஸைவிட்டு இறங்கும்போது நஞ்சப்பன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த வருடத்து இருநூறு பேரும் எங்களுக்குத்தான் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நம்ம ஏற்பாடு புடிச்சிருந்துச்சுங்களா சார்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவர் டிக்கியிலிருந்து அடுப்பை இறக்கிக்கொண்டிருந்த கௌரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆர்டரு அந்தம்மாவுக்குங்க. நீங்களும் கூட வந்தா எங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்க."