தாண்டிப்போன வாசல்

எல்லோரும் என்னை வாழ்த்திக்கொண்டிருந்த நாட்களில்தான் நான் வெளியே வர வழியில்லாமல் அடைபட்டுக் கிடந்தேன். பெருமாளின் அடியார்களாகிய உங்களிடம் அதை மறைக்கும் வயதை நான் கடந்துவிட்டேன்.

1959ஆம் ஆண்டு ஆவணி மாதம். சித்தூரில் தாசில்தாராக இருந்த எனக்கு டெபுடி கலெக்டராகப் பதவி உயர்வு அளித்து, ஹைதராபாத்தில் சேரும்படி உத்தரவு வந்தது. புத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் நான். சென்னையில் கணிதத்தில் ஆனர்ஸ் படித்தேன். ஆந்திர மாநிலம் பிரிந்தபோது எந்தப் பக்கம் வேலை செய்ய விருப்பம் என்று கேட்டார்கள். சென்னைப் பட்டியலில் எனக்கு முன்னால் பலர் இருந்தனர். ஆந்திரப் பட்டியலில் சிலரே இருந்தனர். அந்தக் கணக்கைப் போட்டுத்தான் இங்கே தங்கினேன். தெலுங்கு பேச வரும், கோப்பு எழுத வராது. நாற்பதை நெருங்கும் வயதில் உட்கார்ந்து படித்து, தெலுங்குத் தேர்வும் எழுதித் தேறினேன். வெற்றி பெற்ற வாழ்க்கை எது என்று அன்று யாராவது கேட்டிருந்தால், அந்த உத்தரவைத்தான் எடுத்து நீட்டியிருப்பேன்.

அதே வாரத்தில் என் மனைவி ரங்கநாயகியை வேலூருக்கு அழைத்துப்போய் ஒரு மருத்துவரிடம் காட்டினேன். சில மாதங்களாக அவளுக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்கியது. மருத்துவர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கியிருந்தது. அறுவைச் சிகிச்சையை அவள் உடல் தாங்காது. மாதந்தோறும் வந்து காட்ட வேண்டும், மூச்சு முட்டினால் உடனே கொண்டுவர வேண்டும், நீண்ட பயணம் கூடவே கூடாது என்றார். கவனமாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று ஆண்டுகள் இருப்பாள் என்றார். அவளிடம் சொல்ல வேண்டாம், பயம் அந்த இதயத்துக்கு ஆகாது என்றும் சொல்லி அனுப்பினார்.

சித்தூருக்கு வேலூர் பக்கத்து ஊர். ஹைதராபாத் அப்படியல்ல. பதவி உயர்வை மறுத்துவிடலாம் என்று நினைத்தால், சித்தூரில் என் காலம் முடிந்திருந்தது. மாவட்டத்தின் மேற்குக் கோடியில் ஒரு தாலுகாவுக்கு மாற்றல் காத்திருந்தது. அங்கிருந்து வேலூருக்கு நாள் முழுதும் மலைப்பாதையில் பஸ்ஸில் வர வேண்டும். வேலையையே விட்டுவிட்டால் மருந்துக்கு வழியில்லை. என் தம்பிகள் இருவரின் படிப்பும் என் சம்பளத்தில் நடந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளைத் தனியே விட்டுப்போகவும் துணிவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

இது எதுவும் தெரியாமல் ஊர் என்னைக் கொண்டாடியது. நகரியிலிருந்து அவளுடைய அண்ணன் மாலையோடு வந்து இறங்கினார்.

"மாப்ள, இனிமே ஒங்கள பாக்கணும்னா சீட்டு எழுதி உள்ள அனுப்பணும் போலகீது! எங்க ஊர்ல மாடு மேய்க்கறவன்கூட எங்க மாப்ள டிப்டி கலெக்டருன்னு சொல்லிக்கினு திரியறான்."

ரங்கநாயகி அடுக்களையில் நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் எல்லோருமாகத் திருப்பதிக்குப் போனோம். தரிசன வரிசையில் நிற்க அவளால் ஆகாது. மற்றவர்கள் மேலே போக, நாங்கள் இருவரும் அடிவாரத்திலேயே நின்றோம். அவள் மலையை அண்ணாந்து பார்த்து, "எங்க வூட்டுக்காரர ஒசத்திட்ட சாமி" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று வேறொன்று கேட்டேன். பதவியும் வேண்டும், இந்த ஊரும் வேண்டும், இவளும் வேண்டும் என்று கேட்டேன். பிரார்த்தனை என்று அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. மூன்று நிபந்தனைகள் வைத்த மனு அது.

பதில் வரவில்லை. உடனே வந்து சேரும்படி ஹைதராபாத்திலிருந்து தந்தி வந்தது. கொஞ்சம் அவகாசம் கேட்டு எழுதினேன். அவகாசமும் கரைந்தது.

புரட்டாசி முதல் சனிக்கிழமை வந்தது. எங்கள் குடும்பத்தில் அன்று வீட்டுத் தலைவன் நெற்றியில் நாமமிட்டு, நாமம் இட்ட செம்பை ஏந்தி, தெருவில் வாசல் வாசலாக அரிசி யாசிக்க வேண்டும். அந்த அரிசியைத்தான் பொங்கிப் பெருமாளுக்குத் தளிகை போடுவோம். நிலம் உள்ளவன், இல்லாதவன், அதிகாரி, கூலிக்காரன் எல்லோரும் அன்று கையேந்தியாக வேண்டும். அதற்கு இரண்டு விதிகள் உண்டு. வரிசையில் ஒரு வீட்டையும் தாண்டக் கூடாது. அரிசி உலையில் ஏறும்வரை கோவிந்தா என்பதைத் தவிர வேறு சொல் வாயில் வரக் கூடாது.

நான் ஒரு வீட்டைத் தாண்டினேன். அது சேஷகிரி ராவின் வீடு. அவரும் தாசில்தார், பட்டியலில் எனக்கு அடுத்த பெயர். மாநிலம் பிரிந்தபோது பணியில் எங்களில் யார் மூத்தவர் என்று மேலிடத்துக்கு மாற்றி மாற்றி எழுதிப் பகைத்துக்கொண்டவர்கள் நாங்கள். தெருவில் எதிர்ப்பட்டாலும் பேசுவதில்லை. என் பெயர் முன்னே போனபிறகு அந்த வாசலில் போய் நின்றால், ஏளனம் செய்ய வந்ததாக அவர் நினைப்பார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு நடந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ரங்கநாயகி செம்பை வாங்காமல் கேட்டாள்:

"ராவு வூட்ல போட்டாங்களா?"

இல்லை என்று தலையை அசைத்தேன்.

"போடலியா, நீங்க போவலியா?"

நான் தலையைக் குனிந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வூடு தாண்டிட்டு வந்து கோவிந்தா வேறயா? கோர்ட்டுல கேசு நடந்துக்கினு இருந்தப்பவே ஒங்க நைனா பங்காளி வூட்டு வாசல்ல போய் நின்னாராமே. அவரு புள்ளதான நீங்க? போங்க. இந்த அரிசி ஒல ஏறாது."

திரும்பிப் போனேன்.

ராவ் கூடத்தில் துணியில் கட்டிய கணக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஏமண்டி, டெபுடி கலெக்டர்காரு! சம்பளம் பத்தலையா, அரிசிக்கு வந்துட்டீங்க?"

"கோவிந்தா" என்றேன்.

"ஐதராபாத் போற வழிச்செலவுக்கா?"

"கோவிந்தா."

உள்ளிருந்து அவருடைய தாயார் முறத்தில் அரிசியோடு வந்தார். "நோரு மூய்ரா!" என்று மகனின் வாயை அடக்கிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"தப்பா நெனச்சுக்காத நாயனா. அவன் மனசு சரியில்ல. தாயில்லாத அவன் பொண்ணு ஐதராபாத்துல ஆஸ்டல்ல அழுதுக்கினு கீது. இவன இங்க தமிழ்க் கணக்கோட கட்டிப் போட்டுட்டாங்க."

எல்லைத் தீர்வு அப்போது உறுதியாகியிருந்தது. திருத்தணிப் பக்கத்துக் கிராமங்கள் சென்னை மாநிலத்துக்குப் போக வேண்டும். அவற்றின் நிலக் கணக்குகளைப் பிரித்து, சரிபார்த்து, ஒப்படைக்கும் தனிப்பணியை ராவிடம் கொடுத்திருந்தார்கள். உயர்வும் இல்லாமல் பெயரும் இல்லாமல் நெடுங்காலம் இழுக்கும் வேலை அது. யாரும் விரும்பாத வேலை என்பதால் நான் அதைத் திரும்பியும் பார்த்ததில்லை.

ராவுக்கு ஆற்றாமை பொங்கிவிட்டது. "எங்க எழுத்த ஜிலேபி, ஜிலேபின்னு கேலி பண்ணுவீங்களே, இது இன்னாவாம்? முறுக்கா? ஒரு எழுத்து படிக்க ராது எனக்கு. கர்ணம் சொல்றான், நான் கையெழுத்து போடறேன். ஒரு கிராமம் மாறிப் போனா என் தலதான போவும்?"

பேச்சு அனுமதிக்கப்பட்டிருந்தால் சூடாக ஏதாவது சொல்லிவிட்டு வெளியேறியிருப்பேன். பேசக் கூடாது என்பதால் கடைசிவரை கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கையில்தான் ஒன்று உறைத்தது. அந்த வேலை சித்தூரில் இருந்தது. தமிழ் படிக்கத் தெரிந்த தாசில்தார் அதற்குத் தேவைப்பட்டார். ராவுக்கு வேண்டியது ஹைதராபாத்.

அந்த அம்மாள் அரிசியைச் செம்பில் கொட்டினார். கோவிந்தா என்றேன். அன்று காலையிலிருந்து எத்தனையோ முறை சொன்ன பெயரை அப்போதுதான் கூப்பிட்டேன்.

தளிகை முடிந்து மாலையில் மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனேன். "இப்ப பேசலாமா சாமிக்கு?" என்றார் ராவ். பதவி உயர்வைத் துறக்கிறேன், அது உங்களுக்கு வரட்டும், உங்கள் வேலையை எனக்கு விடுங்கள் என்றேன். "இதுல ஏதோ வில்லங்கம் கீது" என்று என்னையே பார்த்தார். மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாததைப் பகைவர் என்று எண்ணியிருந்தவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் எழுந்து போய், தானே காபி கொண்டுவந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து மனுக் கொடுத்தோம். யோசித்துத்தான் எழுதினீர்களா என்று கலெக்டர் என்னை இரண்டு முறை கேட்டார். தீபாவளிக்கு முன் உத்தரவு வந்துவிட்டது. ராவ் ஹைதராபாத்துக்குப் போனார்.

ரங்கநாயகியிடம் உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியவில்லை. தமிழ்க் கணக்குப் பார்க்க ஆள் இல்லாததால் என்னை இங்கேயே வைத்துக்கொண்டார்கள் என்றேன். அவளுக்கு இருந்த பெருமையை நான் அறிவேன். அவள் முகத்தைப் பார்க்க அஞ்சினேன்.

"அப்ப ஐதராபாத்து இல்லியா?" என்று கேட்டாள். பிறகு, "நல்லதாப் போச்சுங்க. உருது பேசி எப்புட்றா காய் வாங்கப் போறோம்னு எனக்கு வயித்தக் கலக்கிக்கினு இருந்துச்சு" என்றாள். அவளுக்கு உண்மை தெரிந்திருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் கேட்டதே இல்லை.

அந்தப் பொங்கலுக்கு அவளுடைய அண்ணன் வரவில்லை. எனக்குப் பதவி உயர்வு மீண்டும் வரவில்லை. என்னிடம் வேலை பழகியவர்கள் மேலதிகாரிகளாக வந்தார்கள். நான் எழுந்து நின்றேன். அது வலிக்கவில்லை என்று சொன்னால் இந்தச் சாட்சி பொய்யாகிவிடும். சம்பளம் கடைசிவரை சிறியதாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு மாதமும் அவளை வேலூருக்கு அழைத்துப் போனேன். எல்லைத் தகராறுகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்துக்கொண்டே இருந்ததால், நான் ஓய்வு பெறும்வரை சித்தூரைவிட்டு என்னை யாரும் அசைக்கவில்லை. மருத்துவர் சொன்ன கெடு கடந்தது. அந்த மருத்துவரே ஓய்வு பெற்றுப் போனார். என் தம்பிகள் இருவரின் கல்யாணத்தையும் ரங்கநாயகி முன்னின்று நடத்தினாள். பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தாள். நான் கேட்ட மூன்றில் ஒன்றைப் பெருமாள் தள்ளிவிட்டான். மற்ற இரண்டையும், நான் கேட்கக் கூசியிருக்கும் அளவுக்கு அள்ளிக் கொடுத்தான்.

சென்ற மாசியில் அவள் போய்விட்டாள். வேலூரில், என் கையைப் பிடித்துக்கொண்டு.

இப்போது வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். மாலையில் விளக்கை நானே ஏற்றுகிறேன். இந்த வெறுமையிலிருந்து வெளியே போகும் வழி எனக்குத் தெரியவில்லை. அன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆகவே அவனிடமே விட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். உங்களில் யாரேனும் நான்கு பக்கமும் அடைபட்டு நின்றால், கலங்காமல் அவனைக் கூப்பிடுங்கள். என்னோடு காத்திருங்கள்.