டிம்ப்னா போட்ட சத்தம்

மேடை ஏறுவதற்கு முன் வாந்தி எடுப்பது டிம்ப்னா கரிஹிக்கு வழக்கமாகிவிட்டது. பதினோரு வருடம் வாசித்தும் அது நிற்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு தடவை எடுத்தாள்.

பதினாலு வயதில் பள்ளியை விட்டவள், நாக்பெக் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். கான்செர்ட்டினா என்கிற சின்னத் துருத்திப் பெட்டியை அங்கேதான் வாசிப்பாள். துணி காயவைக்கும் மெஷின்கள் போடுகிற இரைச்சலில் வெளியே ஒன்றும் கேட்காது என்ற தைரியம். ஒருநாள் மெஷின் பாதியில் நின்றுபோனது. சமையலறைக்கு ரொட்டி இறக்க வந்த லாரிக்காரர் ஃபின்டன் கான்சிடைன் சன்னலில் தலையை நீட்டினார்.

"யாரும்மா உள்ள வாசிக்கிறது?"

அவள் பெட்டியை ஈரப் போர்வைகளுக்கு அடியில் தள்ளினாள். "ரேடியோங்க."

"ரேடியோ தப்பா வாசிச்சுட்டு, மறுபடி சரியா வாசிக்குமா?"

ஃபின்டன் ஃபிடில்காரர். செவ்வாய்க்கிழமைகளில் மாஸி டால்ட்டியின் பப்பில் வாசிப்பார், மாஸி டிரம் அடிப்பான். அவர் கூப்பிட்டதால் போய், ஐந்து செவ்வாய் அவள் பெட்டியைக் கோட்டுக்குள் மறைத்தபடி மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஆறாவது செவ்வாய், அவள் சலவை அறையில் வாசித்த மெட்டையே ஃபின்டன் எடுத்து, வேண்டுமென்றே ஓர் இடத்தில் கெடுத்து வாசித்தார். திரும்பத் திரும்பக் கெடுத்தார். அவளால் பொறுக்க முடியவில்லை. பெட்டியை எடுத்துத் திருத்தி வாசித்துவிட்டாள். முடிந்த பிறகுதான் எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. ஓடிப்போய்க் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

பேண்ட் உண்டானது அப்படித்தான். ஒரு பனிக்காலத்தில் ஊர் மண்டபத்துக்கு வரவேண்டிய வெளியூர் வாத்தியக்காரர்கள் வழியில் மாட்டிக்கொள்ள, இந்த மூன்று பேரும் ஏறி வாசித்தார்கள். அப்புறம் குழல் ஒன்று சேர்ந்தது, பியானோ சேர்ந்தது, இன்னும் இரண்டு ஃபிடில். ஏழு பேரானார்கள். கல்யாணங்களுக்குக் கூப்பிட்டார்கள். ஞாயிறு மத்தியானம் மண்டபத்தில் நடக்கிற ஜோடி நடனத்துக்கு மூன்று ஊர்ச் சனம் வந்தது.

இந்த ஆட்டத்தில் எட்டெட்டுப் பேராக நின்று சுற்றிச் சுற்றிப் போவார்கள். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் கிளம்பிய இடத்துக்கே ஜோடிகள் வந்து நின்றாக வேண்டும். வாத்தியம் அதற்கு முன்பே நின்றால் நடு மண்டபத்தில் கைகோத்தபடி முழிப்பார்கள். அதற்கு மன்னிப்பே கிடையாது. முப்பது வருடத்துக்கு முன் அப்படி நிறுத்திய ஒரு பேண்டைப் பற்றி இன்னமும் சொல்லிச் சிரிக்கிற ஊர் அது. ஒரு கட்டத்தின் கடைசிச் சுற்று ஆரம்பிக்கும்போது ஃபின்டன் "ஹப்!" என்று குரல் கொடுப்பார். அந்தச் சுற்றோடு ஏழு பேரும் நிறுத்துவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் அவர் குரல் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த டிம்ப்னா, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் அவர் காலை மிதித்தாள். உடனே "ஹப்!" என்றார். அதிலிருந்து ஆடுகிறவர்களின் கால்களைப் பார்த்து அவளே எண்ணுவாள், மிதிப்பாள். ஒருவரிடமும் சொல்லவில்லை. இந்த மறதி எப்படி ஆரம்பிக்கும், எங்கே போய் முடியும் என்று சலவை அறைக்காரிக்குத் தெரியும். தங்கள் பெயரே மறந்துபோன முதியவர்களின் பெயர் தைத்த சட்டைகளைத் தினமும் துவைக்கிறவள். சொன்னால் அவரை வாசிக்க விடாமல் வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள், சொல்லாவிட்டால் என்றைக்காவது ஊர் முன்னால் அவர் அவமானப்படுவார்.

அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்த அந்த ஞாயிறு, அவர்களின் முதல் இசைத்தட்டுக்கு ஆட்டத்தின் நடுவிலேயே ஒலிப்பதிவு. டப்ளினிலிருந்து வந்த பெண் மைக்குகளுக்கு ஏற்றபடி நாற்காலிகளை மாற்றிப் போட்டாள். ஃபின்டன் இடது கோடியில், டிம்ப்னா வலது கோடியில். அங்கிருந்து அவள் கால் அவருக்கு எட்டாது; "வேண்டாம்" என்று அவள் சொல்வதற்குள் அந்தப் பெண் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள்.

இரண்டு கட்டம் எப்படியோ தப்பித்தது. மூன்றாவதில், இன்னும் இரண்டு சுற்று பாக்கி இருக்கும்போதே ஃபின்டன் மோவாயைத் தூக்கினார், மூச்சை இழுத்தார்.

"ஹப்!"

சாம்பல் நிறச் செருப்பு போட்ட ஒருத்தி அப்போதுதான் மண்டபத்தின் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். இந்தச் சுற்றோடு நிறுத்தினால் அவள் அங்கேயே நிற்பாள். டிம்ப்னா எண்ணிப் பார்ப்பதற்குள் சுற்று முடிய நான்கே அடி இருந்தது.

"இல்ல! இன்னும் ஒண்ணு இருக்கு!"

அது தன் குரல் என்றே டிம்ப்னாவுக்குத் தெரியவில்லை. கடல் பறவை கத்தியது மாதிரி இருந்தது. மாஸி டிரம்மை நிறுத்தாமல் அடித்தான், மற்றவர்கள் அவனோடு போனார்கள். ஃபின்டன் வில்லைப் பார்த்தபடியே வாசித்தார். அடுத்த சுற்றுக்கு அவள்தான் "ஹப்!" என்றாள். ஜோடிகள் எல்லாம் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தன. கை தட்டினார்கள்.

இடைவேளையில் ஃபின்டன் மண்டபத்துப் பின்சுவரில் சாய்ந்து நின்றார். அடி வாங்கப் போகிறவள் போல டிம்ப்னா அருகே போனாள்.

"எத்தன நாளா தெரியும் உனக்கு?"

"ரெண்டு வருஷமா. என்னை மன்னிச்சுக்கோங்க, ஃபின்டன்."

"காலு வீங்குற அளவுக்கு மிதிச்சியே, அதுக்கா?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ஏப்ரல்லயே டாக்டர் சொல்லிட்டாரு. நான்தான் யாருக்கும் சொல்லல. பயமா இருக்கும்மா."

ஒரு பெரிய ஆள் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. தன்னுடைய பயம் கூச்சலுக்கும் கூட்டத்துக்கும். இது வேறு என்று புரிந்தது.

மாஸி கதவைத் திறந்தான். "என்ன, ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறீங்களா? இவ கூச்சல் இசைத்தட்டுல ஏறிடுச்சாம், டப்ளின்காரி தலையில கை வெச்சு உக்காந்திருக்கா. வாங்கப்பா, அறுபது பேரு நிக்கிறாங்க."

"வாசிக்க விரலுக்குத் தெரியுது," என்றார் ஃபின்டன், மாஸி போனதும். "எண்ணுறதுதான் மனசுல நிக்க மாட்டேங்குது. அத நீ பாத்துக்கறியா?"

"நான் கத்தணுமே. எல்லாரும் பாப்பாங்களே."

"ஆமா. பாப்பாங்க."

அவள் உள்ளே போனாள். ஃபின்டனின் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி தரையில் இழுத்துக்கொண்டு வந்து தன் நாற்காலியோடு ஒட்டிப் போட்டாள்.

"ஐயோ, மைக் ஒயர் எல்லாம் மாறிடும்," என்றாள் டப்ளின்காரி.

"மாத்திக்கோங்க," என்றாள் டிம்ப்னா. பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபின்டன் வந்து பக்கத்தில் அமர்ந்து ஃபிடிலைத் தோளில் வைத்தார். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களுடைய கால்களைப் பார்த்தாள். எண்ணத் தொடங்கினாள்.